கிரேஸி மோகன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூடியூபில் ஒரு பழைய நாடகத்தையோ கமல் படக் காமெடியையோ பார்த்துவிட்டு, "இதை எழுதினது யாரு?" என்று கேட்பவர்கள் இன்றும் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவருடைய எழுத்தின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் பதில்களில் தெரியத்தான் செய்யும். அதை மறைக்கப் போவதில்லை.

கிரேஸி மோகன் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சென்னைக்காரர். 1952 அக்டோபர் 16 அன்று பிறந்தார், 2019 ஜூன் 10 அன்று மாரடைப்பால் காலமானார். 30-க்கும் மேற்பட்ட மேடை நாடகங்கள், சுமார் 40 படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட சிறுகதைகள் என்று எழுதிக்கொண்டே இருந்தவர். மேடையில் நடிக்கவும் செய்தார். தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றவர்.

'கிரேஸி' என்ற அடைமொழி எப்படி வந்தது?

ஒரு நாடகத்தின் தலைப்பிலிருந்து. 1976-இல் எஸ்.வி.சேகரின் 'நாடகப்ரியா' குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' என்று ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தார். பாலவாக்கம் அப்போது சென்னைக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்த கடற்கரைக் கிராமம். நாடகம் பெரிய வெற்றி. அன்றிலிருந்து மோகன், கிரேஸி மோகன் ஆகிவிட்டார். 1979-இல் சொந்தக் குழு தொடங்கியபோது அதற்கும் 'கிரேஸி கிரியேஷன்ஸ்' என்றே பெயர் வைத்தார்.

அவர் இன்ஜினியர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். அங்கே படிக்கும்போதே 1972-இல் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்ற நாடகம் எழுதினார். எழுத்தில் அதுதான் தொடக்கம். படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டனில் வேலை. பகலில் ஆபீஸ், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் மேடை என்று சில வருடங்கள் ஓடின. அப்புறம் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார்.

அவர் நாடகங்களில் இன்ஜினியர் மூளை தெரியும் என்று நான் நம்புகிறேன். முதல் காட்சியில் யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு பொய், ஒன்றரை மணி நேரம் கழித்து வேறொருவர் தலையில் வந்து விடியும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் சிரிப்பு வராது. அப்படி அறாமல் எழுதுவதற்குக் கணக்குப் போடும் பழக்கம் வேண்டும்.

சபா நாடகம் என்றால் என்ன? அது தெரியாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாதா?

முடியும், ஆனால் பாதிதான் புரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னையில் சபா என்றால் உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் கலை அமைப்பு. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர், மாம்பலம், திருவல்லிக்கேணி என்று பேட்டைக்குப் பேட்டை உண்டு. மார்கழியில் கச்சேரி என்றால் மற்ற மாதங்களில் நாட்டியம், உபந்யாசம், நாடகம். நாரத கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், கிருஷ்ண கான சபா எல்லாம் நாடகத்துக்கும் பேர்போன மேடைகள்.

இந்த மேடைகளில் ஏறியவர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்கள். கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருந்தபடி நாடகம் எழுதினார். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. சோ ராமசாமி வக்கீல். ஒய்.ஜி.பார்த்தசாரதியும் நாடகாசிரியர் பட்டுவும் 1952-இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு தன் பெயரிலேயே அமெச்சூர் என்பதை வைத்துக்கொண்டது. சோவின் நாடகம் ஒன்றில் ஏற்ற பாத்திரத்தின் பெயர்தான் காத்தாடி ராமமூர்த்திக்கு நிலைத்துவிட்டது. மோகன் இந்த வரிசையில் வந்தவர்.

இப்போது பார்வையாளர்களைப் பாருங்கள். சந்தா கட்டுவது வீட்டுத் தலைவர். ஆனால் வந்து உட்காருவது மொத்தக் குடும்பம். தாத்தா, பாட்டி, மருமகள், பரீட்சை முடிந்த பையன், மடியில் ஒரு குழந்தை, எல்லோரும் ஒரே வரிசையில். மேடையில் ஒரு விரசமான வார்த்தை வந்தால் தாத்தா நெளிவார், மருமகள் தலை குனிவாள். இடைவேளையிலேயே சபா செயலாளர் காதுக்குப் புகார் போய்விடும். அடுத்த மாதம் அந்தக் குழுவுக்குத் தேதி கிடைக்காது. மேலே சென்சார் போர்டு இல்லாத மேடை, பக்கத்து நாற்காலியையே சென்சாராக வைத்திருந்தது.

அப்படியென்றால் 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்பது வெறும் கட்டுப்பாடுதானா?

கட்டுப்பாட்டில் தொடங்கியது, அவர் கையில் அது ஒரு பலமாக மாறியது. இதைத்தான் நான் யாரிடமும் வலியுறுத்திச் சொல்வேன்.

நகைச்சுவை எழுதுபவருக்குச் சுலபமான வழிகள் சில உண்டு. ஒருவரின் உருவத்தைக் கேலி செய்யலாம், அடி வாங்க வைக்கலாம், இரட்டை அர்த்தத்தில் பேசலாம். இந்த வழிகளை அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது பேச்சும் சூழ்நிலையும்தான். மோகன் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தை நிரப்பினார்.

அவர் முறையைக் காட்ட நானே ஒரு சூழ்நிலை சொல்கிறேன். ஒருவர் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறார். வீட்டுக்காரர் அவரைப் பெண் பார்க்க வந்தவர் என்று நினைத்துக்கொள்கிறார். இனி வந்தவர் கேட்கும் எந்தக் கேள்வியும் விபரீதம்தான். வயசு என்ன, இதற்கு முன்னால் யார் இருந்தார்கள், வெளிச்சம் வருமா, முன்பணம் எவ்வளவு. ஒவ்வொரு பதிலும் கேட்டவருக்குப் பொருத்தமாகவே படும். இருவருமே தவறாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இருவருமே வேறு வேறு உலகத்தில் இருக்கிறார்கள். அந்த இடைவெளி எங்கே உடையும் என்று அரங்கம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். மோகன் அதை அவ்வளவு சுலபத்தில் உடைக்க மாட்டார். மூன்றாவதாக ஒருவரை உள்ளே அனுப்பி இன்னொரு குழப்பத்தைச் சேர்ப்பார்.

ஆள் மாறாட்டம், காது மாறிக் கேட்பது, சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் என எல்லாமே பழைய சரக்குதான். அவர் சேர்த்தது அடர்த்தி. ஒரு வரிக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால்தான் ஒரே நாடகத்தை நாலு தடவை பார்த்தவர்கள் உண்டு. முதல் தடவை சிரிப்புச் சத்தத்தில் விட்டுப்போனதை அடுத்த தடவை பிடிப்பார்கள்.

முக்கியமான இன்னொன்று. சிரித்து முடித்து வீட்டுக்குப் போகும்போது யாரும் அவமானப்பட்டுப் போனதாக நினைவில் இருக்காது. அவர் நாடகங்களின் நாயகன் மாதுவின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிப்போமே தவிர அவனை வெறுக்க மாட்டோம்.

மாது, சீனு, ஜானகி என்று எல்லா நாடகத்திலும் ஒரே பெயர்கள் ஏன்?

ஜானகி, அவருடைய பள்ளி ஆசிரியையின் பெயர். சிறுவயதில் தன்னை மேடையேற்றியவர் என்ற நன்றியில் கதாநாயகிகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். மாது வேடத்தில் அவருடைய தம்பி பாலாஜி நடித்தார், மாது பாலாஜி என்றே அறியப்பட்டார். சீனுவாக நடித்த இன்னொரு மோகன், சீனு மோகன் ஆனார். பிற்பாடு 'இறைவி' படத்தில் அவரைப் பார்த்துவிட்டு "யார் இந்த நடிகர்?" என்று கேட்டவர்களுக்கு, அவர் சென்னை மேடைகளில் பல வருடம் தேறியவர் என்பது தெரிந்திருக்காது. 2018 டிசம்பரில் காலமானார்.

பெயர்கள் மாறாததில் ஒரு வசதியும் இருந்தது. திரை விலகி மாது உள்ளே வந்ததுமே அவன் யார், எப்படிச் சொதப்புவான் என்பது சபாவுக்குத் தெரியும். அறிமுகத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டாம், நேராகக் குழப்பத்துக்குள் இறங்கிவிடலாம். பெரிய செட்டும் தேவைப்படவில்லை. ஒரு சோபா, வாசல் கதவு, உள்ளறைக் கதவு இருந்தால் போதும். யார் எந்தக் கதவு வழியாக எப்போது வருகிறார் என்பதில்தான் பாதி விஷயம்.

நாடகங்களில் எவையெவை முக்கியமானவை?

'அலாவுதீனும் 100 வாட்ஸ் பல்பும்', 'மேரேஜ் மேட் இன் சலூன்', 'மீசை ஆனாலும் மனைவி', 'ஜுராசிக் பேபி', 'ரிட்டர்ன் ஆஃப் கிரேஸி தீவ்ஸ்', 'கூகுள் கடோத்கஜன்'. தலைப்புகளே ஆளைச் சொல்லிவிடும். எல்லாவற்றையும் தாண்டி ஓடியது 'சாக்லேட் கிருஷ்ணா'. 2008-இல் அரங்கேறியது. சாக்லேட் விற்கும் மாதுவுக்கு உதவ கிருஷ்ண பரமாத்மாவே வருகிறார். அந்தக் கிருஷ்ணர் வேடத்தில் மோகன். பல நூறு முறை மேடையேறி, வெளிநாட்டுத் தமிழர்கள் வரை போன நாடகம். நாடகங்களை இயக்கிய எஸ்.பி.காந்தனுக்கும் இந்த வெற்றிகளில் பெரிய பங்கு உண்டு. எழுத்தாளரின் வேகத்தை மேடையில் அப்படியே கொண்டுவந்தவர் அவர்.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

பாலசந்தர் மூலமாக. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை அவர் 1983-இல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். கவிஞர் வாலி நடித்த படம், சார்லி அறிமுகமான படம். தானே ஆபீஸ் வேலை பார்த்தபடி நாடகம் போட்டு மேலே வந்தவர் என்பதால் பாலசந்தருக்கு இப்படிப்பட்ட ஆட்களை அடையாளம் தெரிந்திருந்தது.

கமல்ஹாசனோடு எத்தனை படங்கள்? எதிலிருந்து பார்க்கலாம்?

முக்கியமானவற்றைச் சொல்கிறேன். 'அபூர்வ சகோதரர்கள்' 1989, 'மைக்கேல் மதன காமராஜன்' 1990, 'மகளிர் மட்டும்' 1994, 'சதிலீலாவதி' 1995, 'அவ்வை சண்முகி' 1996, 'காதலா காதலா' 1998, 'தெனாலி' 2000, 'பஞ்சதந்திரம்' 2002, 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' 2004.

இந்தப் பட்டியலில் இயக்குநர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டே பேர்தான். சிங்கீதம் சீனிவாசராவ், அப்புறம் கே.எஸ்.ரவிகுமார். மோகனின் வசனத்தை நடுவில் வெட்டாமல், நடிகர்களைப் பேசவிட்டு, காட்சியை நிதானமாக வளரவிடத் தெரிந்தவர்கள். வசனம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதற்கு இடம் கொடுக்கிற இயக்குநரும் வேண்டும்.

தொடங்குவதற்கு 'மைக்கேல் மதன காமராஜன்'தான் என் தேர்வு. கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட விஷயத்தை வெளியே தெரியாமல் சமாளிக்கும் காட்சியைப் பாருங்கள். டெல்லி கணேஷும் கமலும் பாலக்காட்டுத் தமிழில் பேசிக்கொள்ளும் இடம். சத்தம் போட்டு ஒரு வார்த்தை கிடையாது. பயமும் மரியாதையும்தான் சிரிப்பை உண்டாக்குகின்றன. சபா மேடையின் பழக்கம் முழுசாகச் சினிமாவுக்குள் வந்த காட்சி அது.

எல்லாப் படங்களையும் குழந்தைகளோடு பார்க்கலாமா?

நாடகங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்பேன். படங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 'பஞ்சதந்திரம்' சிரிப்பில் குறையில்லாத படம், ஆனால் கதையே மனைவிமாருக்குத் தெரியாமல் நண்பர்கள் போடும் ஆட்டம். அதில் சில இடங்கள் பெரியவர்களுக்கானவை. 'சதிலீலாவதி'யின் கதையும் கணவன் வழிதவறுவதுதான், ஆனால் கோவை சரளாவும் கல்பனாவும் இருப்பதால் வீட்டில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கலாம். 'அவ்வை சண்முகி'யையும் 'தெனாலி'யையும் யோசிக்காமல் போடலாம்.

கமலுக்கு மட்டும்தான் எழுதினாரா?

இல்லை. ரஜினிகாந்த் நடித்த 'அருணாச்சலம்' படத்துக்கும் 1997-இல் வசனம் எழுதினார். 2012-இல் வந்த 'நான் ஈ' படத்தின் தமிழ் வசனமும் அவருடையதே.

தொலைக்காட்சியில் அவர் பங்கு என்ன?

முதலில் பின்னணி. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பல வருடங்களுக்கு வீட்டில் ஒரே சேனல்தான். சபா நாடகங்களுக்கு அங்கே நல்ல இடம் கிடைத்தது. எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்' போன்ற தொடர்கள் அப்போது வீட்டுக்கு வீடு ஓடின. மயிலாப்பூர் பக்கம் வாராவாரம் சிரித்துக்கொண்டிருந்த நாடகத்தை மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருப்பவர்கள் பார்க்க முடிந்தது தொலைக்காட்சியால்தான். 1993-இல் சன் டிவி வந்த பிறகு சேனல்கள் பெருகின, தொடர்களும் பெருகின. மோகனும் தொடர்கள் எழுதினார். ஜெயா டிவியில் வந்த 'விடாது சிரிப்பு' பலருக்கு நினைவிருக்கும்.

என் அபிப்பிராயம் கேட்டால், தொலைக்காட்சி அவருக்குப் புகழைக் கொடுத்த அளவுக்கு எழுத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அரங்கம் சிரித்தால் மேடை நடிகர் ஒரு நொடி நிறுத்துவார். அந்த நிறுத்தம் வசனத்தின் ஒரு பகுதி. ஸ்டுடியோவில் சிரிக்க ஆளில்லை. அதனால் வசனங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அரை மணி நேரத்தில் விளம்பரம் வேறு குறுக்கே வரும். முதல் காட்சியில் போட்ட முடிச்சு ஒன்றரை மணி நேரம் கழித்து அவிழ்கிற சுகம் அதில் கிடைக்காது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. மாலையில் அடுப்படி வேலையை முடித்துவிட்டு அம்மாக்கள் உட்கார்ந்து சிரித்த தொடர்கள் அவை. சபா பக்கமே போகாத வீடுகளுக்கு மாதுவையும் சீனுவையும் கொண்டுபோய்ச் சேர்த்தது டிவிதான்.

"வெறும் கடி ஜோக்" என்று சிலர் சொல்கிறார்களே?

தனியாக ஒரு வரியை எடுத்து வாட்ஸப்பில் போட்டால் கடியாகத்தான் தெரியும். அந்த வரி யாரிடம், எந்த அவசரத்தில், எதை மறைக்கச் சொல்லப்பட்டது என்பதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. அவருடைய எல்லா நாடகமும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். சிலவற்றில் கதை மெலிந்து வார்த்தை விளையாட்டு மட்டும் ஓடும்.

இதைவிடக் கனமான விமர்சனம் வேறொன்று உண்டு. அவர் நாடக உலகம் பெரும்பாலும் மயிலாப்பூர், மாம்பலம் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள்ளேயே சுற்றுகிறது என்பது. அது சரிதான். மாதுவின் வீட்டுப் பேச்சும் கவலைகளும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவை. ஜானகிக்கும் பல நாடகங்களில் கணவனின் குளறுபடியைக் கண்டு திகைப்பதைத் தவிர அதிக வேலை இல்லை. சினிமாவில் 'மகளிர் மட்டும்' போல மூன்று பெண்கள் முதலாளியை ஆட்டிவைக்கும் கதைக்கு அவ்வளவு கூர்மையாக எழுதியவர், மேடையில் ஜானகிக்கும் அப்படி ஒரு நாடகம் தந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

நகைச்சுவையைத் தவிர வேறு என்ன செய்தார்?

வெண்பா எழுதினார், அதுவும் தினமும். நண்பர்களோடு வெண்பாவிலேயே பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம். ரமண மகரிஷியிடம் பக்தி கொண்டவர், அவரைப் பற்றி 'ரமணாயணம்' என்று வெண்பாக்களாகவே எழுதினார். தளை தட்டாமல், அதாவது யாப்பு இலக்கணம் பிசகாமல் எழுதும் பழக்கம் வசனத்துக்கும் உதவியிருக்கும் என்று தோன்றுகிறது. அவர் வரிகளில் ஒரு சொல்லை எடுத்தாலும் தாளம் கெடும். ஓவியமும் வரைவார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயும் அந்தச் சிரிப்பும் அவரைப் பார்த்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அவர் மறைந்த அதே நாளில் இன்னொரு நாடகாசிரியரும் மறைந்தாராமே?

ஆமாம், கன்னட நாடகாசிரியர் கிரிஷ் கர்னாட். அவரும் 2019 ஜூன் 10 அன்றுதான் பெங்களூரில் காலமானார். இரண்டு பேரின் நாடகங்களும் இரண்டு துருவங்கள். நாடகம் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அது மோசமான நாள்.

கிரேஸி கிரியேஷன்ஸ் இப்போதும் இருக்கிறதா? நேரில் பார்க்க முடியுமா?

மாது பாலாஜி குழுவைத் தொடர்ந்து நடத்திவருகிறார். பழைய நாடகங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. ஆனால் முதல் தடவை பார்ப்பவர்கள் முடிந்தவரை அரங்கத்துக்குப் போங்கள். நாளிதழ்களின் சென்னை நிகழ்ச்சிப் பகுதியில் சபா அறிவிப்புகள் வரும். கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் சென்னைக் குழுக்களின் புது நாடகங்களைப் பார்க்கலாம். நாடகங்கள் பெரும்பாலும் மாலை வேளையில், சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடும். தாமதமாகப் போனால் முதல் பொய்யை விட்டுவிடுவீர்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அழைத்துப் போங்கள், குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்.